நம்ம ஆறு எம்எல்ஏக்களுக்கும் ஒரே மனு: வலி மருந்து, வலிப்பு மருந்து, பராமரிப்புத் தொகை, கஞ்சா மருந்து. குமரி மாவட்டத்துக்காரர்கள் கருத்துச் சொல்லுங்கள்

வேளிமலை எழுதியது:

வணக்கம் மக்களே. கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறு தொகுதி சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரே மனுவாகக் கொடுக்க ஒரு வரைவு தயார் செய்துகொண்டிருக்கிறேன். கட்சி பார்க்கவில்லை. யார் பதவியில் இருந்தாலும் அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும்.

என் அக்கா மகனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கூடவே மூன்று மாத்திரை கொடுத்தும் அடங்காத வலிப்பு. அக்கா வேலைக்குப் போக முடியாது, அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவதே அவளுக்கு முழுநேர வேலை. இது ஒரு வீட்டுக் கதை அல்ல. எங்கள் பஞ்சாயத்திலேயே இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன.

மனுவில் கேட்க நினைப்பவை இவை. புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரை தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் கிடைக்க வேண்டும். வலிப்பு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கூட அறுந்து போகக்கூடாது. படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குத் தனியாகப் பணம் வேண்டும். கடைசியாக, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் மருந்து வெளிநாடுகளில் சில வகை வலிப்புக்குக் கொடுக்கப்படுகிறது, அதை டாக்டர் சீட்டோடு இங்கேயும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

கடைசிக் கோரிக்கையை வைக்கலாமா வேண்டாமா என்பதில்தான் எனக்குக் குழப்பம். மனம் திறந்து சொல்லுங்கள்.

கடியபட்டணத்துக்காரன் எழுதியது:

அண்ணே, முதல் மூன்றுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன், எங்கள் தெருவில் நூறு கையெழுத்து வாங்கியும் தருவேன். நாலாவதை எடுத்துவிடுங்கள்.

கடற்கரை ஊர்களில் பையன்கள் கஞ்சாவில் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடப் பையன் பையில் பொட்டலம் இருக்கிறது. போலீஸ் ஒரு பக்கம் வேட்டை நடத்துகிறது, மறுபக்கம் பங்குத்தந்தை பிரசங்கத்தில் கெஞ்சுகிறார். இந்த நேரத்தில் ஒரு மனு, அதில் கஞ்சா மருந்து என்று ஒரு வரி. நாளைக்குப் பத்திரிகையில் அந்த ஒரு வரிதான் வரும். மார்பினும் போகும், பராமரிப்புத் தொகையும் போகும்.

எங்கள் பெரியப்பா தொண்டைப் புற்றுநோயில் போனார். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது இருப்பதால்தான் இவ்வளவு புற்றுநோய் என்று எங்கள் ஊரில் பேசுவார்கள். காரணம் எதுவோ இருக்கட்டும். கடைசி நாட்களில் அந்த மனிதன் பட்ட வலியை நினைத்தால் இன்னும் தூக்கம் வராது. ஆகவே முதலில் வலி மருந்து.

பாலியேட்டிவ் நர்ஸ் எழுதியது:

மார்பின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மனுவில் இதைச் சரியாக எழுத வேண்டும் என்பதற்காக.

மார்பின் அபினிலிருந்து எடுப்பது. சட்டப்படி அபின் பயிர் வளர்க்கும் நாடுகளில் நம் நாடு முக்கியமானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு பயிரிடுகிறார்கள், நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. அப்படியும் நம் நோயாளிக்கு மாத்திரை கிடைக்காமல் போனதற்கு 1985 போதைப்பொருள் சட்டம் ஒரு பெரிய காரணம். கடுமையான தண்டனையைப் பார்த்து ஆஸ்பத்திரிகளே மருந்தை வாங்கி வைக்கப் பயந்தன. பல மாநிலங்களில் ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வைக்க வெவ்வேறு துறைகளிடம் நாலைந்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கையில் வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும்.

இதை மாற்றியது 2014 திருத்தம். மார்பின், ஃபெண்டானில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என்று தனியாகப் பிரித்து, நாடு முழுவதற்கும் ஒரே விதி கொண்டுவந்தார்கள். இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் போதும். திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலி தணிப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு நின்றவர்களும் பல வருடம் போராடிக் கிடைத்தது இது.

சரி, சட்டம் திறந்துவிட்டது. அப்புறம் ஏன் தாலுகா ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை? அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியது ஆஸ்பத்திரி. அதற்குப் பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும், இருப்புப் பதிவேடு பராமரிக்க ஆள் வேண்டும். இதற்கு உத்தரவு போட்டுத் தள்ளுகிற ஆள் இல்லை. எம்எல்ஏ செய்யக்கூடியது இதுதான்: ‘மாவட்டத்தில் எத்தனை அரசு ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் போன வருடம் எவ்வளவு மார்பின் கொடுக்கப்பட்டது’ என்று சட்டமன்றத்தில் கேள்வி போடுவது. கேள்வி விழுந்தால் துறை கணக்கு எடுத்தே ஆக வேண்டும். ‘நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் எதுவும் எடுக்கமாட்டார்கள்.

களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளம் 2008-லேயே பாலியேட்டிவ், அதாவது வலி தணிப்புப் பராமரிப்புக் கொள்கை அறிவித்து, பஞ்சாயத்து மூலமாக வீட்டுக்கே நர்ஸ் வர ஏற்பாடு செய்தது. நமக்கும் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறார்கள், பிசியோ செய்கிறார்கள், நல்ல திட்டம். அந்தப் பையில் வலுவான வலி மருந்தும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்சிசியில் சிகிச்சை முடித்துத் திரும்பி வரும் நம்மூர் ஆட்கள் மாத்திரைக்காக மறுபடி மறுபடி அங்கே பஸ் ஏறக்கூடாது.

அருமனை அம்மா எழுதியது:

என் மகளுக்கு ஒன்பது வயது, எடை இருபது கிலோ இருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். வலிப்புக்கு வால்ப்ரோயேட்டும் க்ளோபசாமும் எடுக்கிறாள். உறவுக்காரர்கள் எல்லாம் ‘இணையத்தில் ஒரு எண்ணெய் விற்கிறார்கள், நாக்கில் சொட்டு விட்டால் பிட்ஸ் நிற்கும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு புட்டி பல ஆயிரம் ரூபாய். என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, மழைக்காலத்தில் வேலையே இருக்காது. நகையை வைத்தாவது வாங்கலாமா? யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

திங்கள்சந்தை மருந்தாளுநர் எழுதியது:

அக்கா, நகையை வைக்காதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

சந்தையில் இரண்டு விதமான எண்ணெய் இருக்கிறது. ஒன்று கஞ்சா விதையிலிருந்து ஆட்டியது. அதை 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பொருளாக அனுமதித்தது. அது சமையலுக்கு. அதில் வலிப்புக்கு வேலை செய்யும் சிபிடி என்ற பொருள் ஏறக்குறைய இல்லை. இன்னொன்று இலையிலிருந்து எடுத்தது, ஆயுர்வேத உரிமத்தில் விற்பது. அதில் சிபிடியும் இருக்கலாம், போதை தரும் டிஎச்சியும் இருக்கலாம். எது எவ்வளவு என்பது புட்டிக்குப் புட்டி மாறும்.

இப்போது அளவுக்கு வருவோம். வெளிநாட்டில் பரிசோதித்து அனுமதித்த, சுத்திகரித்த சிபிடி மருந்தின் பெயர் எபிடியோலெக்ஸ். 2018 ஜூனில் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ டிராவெ, லெனாக்ஸ்-கஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்கு அனுமதித்தது. அதில் தொடக்க அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 10. இருபது கிலோ குழந்தைக்கு நாளைக்கு 200 மில்லிகிராம், மாதத்துக்கு 6,000. இணையத்தில் விற்கும் 30 மில்லி புட்டியில் 1,500 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், எழுதியது உண்மையாகவே இருந்தாலும், அது ஏழரை நாளைக்குத்தான் வரும். நாக்கில் இரண்டு சொட்டு விட்டு வலிப்பு நிற்கும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உங்கள் மகள் எடுக்கும் இரண்டு மாத்திரையோடும் சிபிடி மோதும். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறும். க்ளோபசாமோடு சேர்ந்தால் அந்த மாத்திரையின் ஒரு கூறு இரத்தத்தில் பல மடங்கு கூடி, குழந்தை மயங்கிக் கிடக்கும். இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே, அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது. டாக்டருக்குத் தெரியாமல் ஒரு சொட்டு கூட வேண்டாம்.

மருந்து பலன் தராது என்று நான் சொல்லவில்லை. 2017-இல் வெளிவந்த டிராவெ ஆய்வில் 120 பிள்ளைகள் இருந்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆனது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத கரைசல் எடுத்தவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனது. பாதியாகக் குறைவது பெரிய விஷயம்தான். முழுக்க நின்றது மிகச் சிலருக்கே. அதுவும் அந்த அபூர்வ வகை வலிப்புக்கு. எல்லா வலிப்புக்கும் அல்ல.

கடியபட்டணம் அண்ணன் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் மனுவில் இந்த விஷயம் இருக்க வேண்டும் என்பேன். சரியான மருந்து எளிதில் கிடைக்காததால்தான் இந்த எண்ணெய்க்காரர்கள் அருமனை அக்கா வீட்டு வாசலுக்கு வருகிறார்கள்.

அருமனை அம்மா எழுதியது:

நன்றி தம்பி. அடுத்த முறை ஸ்ரீசித்திரா போகும்போது டாக்டரிடமே கேட்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மகளுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை கிடைக்கவில்லை. நன்றாகத்தானே நடக்கிறாள் என்றார்கள். மாதத்தில் பாதி நாள் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளை அவள்.

குழித்துறை வக்கீல் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. தசைச்சிதைவு, பார்கின்சன், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய், தலசீமியா எல்லாம் உண்டு. வலிப்பு நோயின் பெயர் அதில் இல்லை. கூடவே அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ இருந்தால் அதன் பெயரில் சான்றிதழ் கிடைக்கும். வலிப்பு மட்டும் என்றால் கதவு மூடிவிடுகிறது. இந்தப் பட்டியலை மத்திய அரசு அறிவிக்கை மூலமாகவே கூட்ட முடியும். மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பலாம். மனுவில் சேருங்கள்.

பராமரிப்புத் தொகை பற்றி: நம் மாநிலத்தில் கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கு மாதம் 2,000 ரூபாய் வருகிறது, 2023-க்கு முன் 1,500 ஆக இருந்தது. அது பாதிக்கப்பட்டவருக்கு. வேளிமலை அண்ணனின் அக்காவைப் போல வேலையை விட்டுப் பார்த்துக்கொள்பவருக்காகவும் சட்டம் யோசித்திருக்கிறது. 24-ஆம் பிரிவில், உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்று எழுதியே இருக்கிறது. அதே பிரிவு, மற்றவர்களுக்கான இதே மாதிரித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. இரக்கப்பட்டுக் கொடுங்கள் என்று எழுதாதீர்கள். பிரிவு எண்ணைப் போட்டு எழுதுங்கள்.

இனி கஞ்சா. போதைப்பொருள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு எல்லாவற்றையும் தடை செய்துவிட்டு, மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விலக்கும் வைத்திருக்கிறது. 10-ஆம் பிரிவு, கஞ்சாவைப் பயிரிடுவது, தயாரிப்பது, வைத்திருப்பது, விற்பது பற்றி விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்கே தருகிறது. ஆக, டெல்லி பார்த்துக்கொள்ளட்டும் என்று நம் எம்எல்ஏக்கள் கையை விரிக்க முடியாது. ஹிமாச்சலில் 2023-இல் வருவாய்த்துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் எல்லாக் கட்சி உறுப்பினர்களோடும் குழு அமைத்தார்கள், ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள், 2024 செப்டம்பரில் சட்டமன்றம் அறிக்கையை ஏற்றது. 2025 ஜனவரியில் இரண்டு வேளாண் பல்கலைக்கழகங்கள் வழியாக முன்னோட்ட ஆய்வுக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. ஆனால் அங்கே பேச்சில் பாதி விவசாய வருமானம், மாநில வருவாய். நமக்கு அது வேண்டாம். இங்கே யாரும் பயிரிடக் கேட்கவில்லை, மருந்துதான் கேட்கிறோம்.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான நாலாம் பட்டியலிலிருந்து எடுக்க 27 நாடுகள் ஆதரவாகவும் 25 எதிராகவும் வாக்களித்தன. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இதை மனுவில் ஒரு வரியாகப் போடலாம். எந்த எம்எல்ஏவும் பயப்படாமல் பேச அது ஒரு பிடி.

பெர்த் மார்த்தாண்டத்துக்காரி எழுதியது:

நான் மார்த்தாண்டம், இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில் நர்ஸ். இங்கே நடந்ததைச் சொல்கிறேன், நமக்கு எது பயன்படும் என்று நீங்களே பாருங்கள்.

2014 நவம்பரில் ரிச்சர்ட் டி நட்டாலே என்ற செனட்டர், அவரே ஒரு டாக்டர், மருத்துவக் கஞ்சாவுக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு கேட்டுத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அவர் பசுமைக் கட்சி. ஆனால் மசோதாவில் தொழிலாளர் கட்சி, ஆளும் கூட்டணி, இன்னொரு சிறு கட்சி உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த மசோதா சட்டமாகவில்லை. ஆனால் செனட் குழு நோயாளிகளையும் பெற்றோரையும் கூப்பிட்டுக் கேட்டது, அறிக்கை வந்தது, 2016 பிப்ரவரியில் அரசே போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி வழி திறந்தது. நம்ம ஆறு பேரும் வேறு வேறு கட்சியாக இருந்தாலும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டம் வந்ததும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. விலை கட்டுப்படியாகாமல், எழுதித் தரும் டாக்டர் இல்லாமல் மக்கள் அலைந்தார்கள். 2020-இல் அதற்கென்றே இன்னொரு செனட் அறிக்கை. 2021 மே மாதம்தான் டிராவெ வலிப்புக்கான மருந்து அரசு மானியப் பட்டியலில் ஏறியது. சட்டத்துக்கும் மானியத்துக்கும் இடையில் ஐந்து வருடம். பணம் இருந்தவன் வாங்கினான், இல்லாதவன் காத்திருந்தான். நம் மனுவில் மருந்து அனுமதியோடு முதலமைச்சர் காப்பீட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

இங்கே நடந்த கெட்டதையும் சொல்ல வேண்டும். போனில் பேசிச் சில நிமிடத்தில் சீட்டு எழுதித் தரும் கம்பெனிகள் பெருகிவிட்டன. தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்றாலே போதை தரும் பூவை எழுதிக் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ஆப்ரா கடுமையாக எச்சரித்து வழிகாட்டுதல் வெளியிட வேண்டியதாயிற்று. கடியபட்டணம் அண்ணன் பயம் வெறும் பயம் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் பக்கம் ஒருவரைச் சொல்ல வேண்டும். எங்கள் மாநில செனட்டர் ஜோர்டன் ஸ்டீல்-ஜான். மூளை முடக்குவாதம் உள்ளவர், சக்கர நாற்காலியில் வருபவர், 2017-இல் 23 வயதில் செனட்டுக்குள் வந்தார். இல்லங்களில் மாற்றுத்திறனாளிகள் அடிபடுவதையும் புறக்கணிக்கப்படுவதையும் விசாரிக்க அரச ஆணையம் வேண்டும் என்று விடாமல் கேட்டவர்களில் முன்னால் நின்றார். 2019 ஏப்ரலில் ஆணையம் அமைந்தது, 2023 செப்டம்பரில் 222 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. தானே அந்த வாழ்க்கையை வாழ்பவர் அவையில் நின்று பேசும்போது அமைச்சர்களால் சும்மா தலையாட்டிவிட்டுப் போக முடிவதில்லை. நம் மாநிலத்திலும் 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கச் சட்டத் திருத்தம் வந்ததே, அந்த உறுப்பினர்களையும் இந்த மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோவாளை சித்தர் வழி எழுதியது:

சித்த மருத்துவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. நம் மருத்துவத்தில் கஞ்சா சேரும் மருந்துகள் பழைய காலத்திலிருந்தே உண்டு. மருந்துச் சட்ட விதிகளின் இ-1 அட்டவணையில், நச்சுத்தன்மை உள்ள சித்த மருந்துச் சரக்குகள் பட்டியலில் எட்டி, ஊமத்தையோடு கஞ்சாவும் இருக்கிறது. சுத்தி செய்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். வர்ம ஆசான்கள் நிறைந்த மாவட்டம் இது. ஆனால் பழம்பெருமையைச் சொல்லி, அளவு தெரியாத எண்ணெயை வலிப்புப் பிள்ளைக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். மருந்தாளுநர் தம்பி சொன்னதுதான் சரி.

முதுகுவலிக்காரன் எழுதியது:

எனக்குப் பல வருடமாக முதுகுவலி. எங்களைப் போன்றவர்களுக்கும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் கொடுக்கிறார்களே.

பாலியேட்டிவ் நர்ஸ் எழுதியது:

அண்ணே, உங்கள் வலி உண்மை. ஆனால் நாட்பட்ட வலிக்குக் கஞ்சா மருந்தின் ஆதாரம் பலவீனம். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2019-இல் நாட்பட்ட வலிக்கு வேண்டாம் என்றது. கடும் வலிப்பு வகைகளுக்குச் சிபிடி, மல்டிபிள் ஸ்க்லரோசிஸில் தசை இறுக்கத்துக்கு ஒரு ஸ்ப்ரே, இப்படிச் சிலவற்றுக்குத்தான் இடம் கொடுத்தது. உலக வலி ஆய்வுச் சங்கமும் 2021-இல் வலிக்கு இதைப் பரிந்துரைக்க மறுத்தது. மாவட்டத்தில் ஒரு நல்ல வலி சிகிச்சைப் பிரிவு கேட்போம், பிசியோவும் மனநல ஆலோசனையும் சேர்த்து. அது உங்களுக்கு உண்மையில் உதவும்.

கடியபட்டணத்துக்காரன் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். சரி, இப்படிச் செய்யலாமா? கஞ்சாச் செடி பற்றி எதுவும் கேட்காமல், வலிப்புக்கான அந்த ஒரு மருந்தை, நரம்பியல் டாக்டர் எழுதினால் மட்டும், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மட்டும், மார்பினுக்கு இருப்பது போல இருப்புப் பதிவேட்டோடு. இணையத்தில் குழந்தைகளுக்கு என்று விற்கும் எண்ணெய்களைப் பிடித்துப் பரிசோதிக்க வேண்டும் என்றும் சேருங்கள். இப்படி இருந்தால் எங்கள் தெருவில் நானே விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறேன். கெஞ்சிக்கொண்டிருக்கும் பங்குத்தந்தையிடமும் பேசுகிறேன்.

வேளிமலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வரைவை மாற்றிவிட்டேன். வரிசை இப்படி: மார்பின் அங்கீகாரம் பற்றிய சட்டமன்றக் கேள்வி, தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சி. 24-ஆம் பிரிவின்படி பராமரிப்பாளர் படி. வலிப்பு மாத்திரை இருப்பை மாதாமாதம் வெளியிடுவது, வலிப்பு நோயைக் குறைபாட்டுப் பட்டியலில் சேர்க்கத் தீர்மானம். கடைசியாகக் கடியபட்டணம் தம்பி சொன்ன அதே வடிவில் வலிப்பு மருந்து, காப்பீட்டுத் திட்டத்தில் செலவோடு. மருத்துவக் கல்லூரியில் அதற்கு ஒரு வலிப்புச் சிறப்புப் பிரிவு. திருவனந்தபுரத்துக்குக் கைக்குழந்தையோடு விடியற்காலை பஸ் பிடிக்கும் நிலைமை மாற வேண்டும்.

1838-இல் நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கிய மண் இது. எவரெஸ்ட் பயணங்களில் போன சாமர்வெல் பல வருடம் அறுவை மருத்துவராக இருந்த ஊர் அது. இந்த மாவட்டம் நல்ல வைத்தியம் கேட்பதில் புதிதாக எதுவும் இல்லை.

குழித்துறை வக்கீல் எழுதியது:

ஒரே ஒரு யோசனை. மனுவைச் சும்மா கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வரவேண்டாம். மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கும், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை விவாதத்துக்கும் முன்னால் அவர்கள் கையில் இருக்க வேண்டும். வெட்டுத் தீர்மானமாகவோ கேள்வியாகவோ நேரடியாக எடுத்து வைக்கும்படி வாசகங்களை நானே எழுதித் தருகிறேன். விளவங்கோடும் கிள்ளியூரும் என் பொறுப்பு. பத்மநாபபுரம் வேளிமலை அண்ணன். குளச்சல் கடியபட்டணம் தம்பி. கன்னியாகுமரிக்குத் தோவாளை வைத்தியர் போக முடியுமா? நாகர்கோவிலுக்கு ஆள் வேண்டும்.

தோவாளை சித்தர் வழி எழுதியது:

போகிறேன்.

அருமனை அம்மா எழுதியது:

நாகர்கோவிலுக்கு நான் வருகிறேன். என் தங்கச்சி வடசேரியில் இருக்கிறாள், மகளை அவளிடம் விட்டுவிட்டு வரலாம். மகளின் மருந்துச் சீட்டுகளின் நகலையும் மனுவோடு சேர்க்கிறேன்.